மூன்றாவது கட்டின் ஓம்

என் மேசையில் இருந்தவை இவை: ஆறு வோல்ட் கார் பாட்டரி ஒன்று, ஆம்பியர் மீட்டர் ஒன்று, வோல்ட் மீட்டர் ஒன்று, தள்ளித் தள்ளி மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தடைச் சட்டம், பித்தளைக் கவ்விகள் இரண்டு, கம்பி முனையைச் சுரண்ட ஒரு பேனாக்கத்தி, சோதனைப் புத்தகம், பென்சில். ஓரத்தில் ஒரு மண் கூஜா. மாசி பிறந்ததிலிருந்து அந்தக் கூஜாவை ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது.

மேட்டுப்பாளையம் சாலையில், தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை அது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் வைப்பது பரவிவிட்டது. வைத்த மோட்டார்கள் வெயில் ஏற ஏறப் புகைந்து எங்களிடம் வந்தன. நான் இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவள். தசமக் கணக்கைத் தாளில்லாமல் போடுவேன் என்பதாலும், என் எழுத்து தெளிவாக இருந்ததாலும் சோதனை மேசையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியும் எனக்குத்தான். அதைப் பற்றிக் கேலிகள் இருந்தன. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன்.

வேலை எளிது. கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிய மோட்டார் என்னிடம் வரும். உள்ளே செப்புக் கம்பி மூன்று கட்டுகளாக இருக்கும். மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இருந்தால்தான் சுமையைச் சமமாக ஏற்கும். ஒவ்வொரு கட்டின் இரண்டு முனைகளையும் கவ்விகளில் பிடித்து, சட்டத்தைத் தள்ளி, மின்னோட்டத்தைச் சரியாக நான்கு ஆம்பியரில் நிறுத்துவேன். பிறகு வோல்ட் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். கம்பி மின்சாரத்துக்குக் காட்டும் தடை அது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். கம்பியில் சூடாகப் போகும் திறன் அது. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் என்றால் முள் பெரும்பாலும் 4.8இல் நிற்கும். நான்கால் வகுத்தால் 1.2 ஓம். நான்கால் பெருக்கினால் 19.2 வாட். இப்படி ஒரு மோட்டாருக்கு மூன்று வகுத்தல், மூன்று பெருக்கல். பத்து மோட்டாருக்கு முப்பதும் முப்பதும். பங்குனிக்குள் வகுப்பதை நிறுத்திவிட்டேன். 4.8 என்று கண் பார்த்ததும் 1.2, 19.2 என்று கை எழுதியது.

பல்லடத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்த மோட்டாரும் அப்படி எழுதப்பட்டதுதான். சுற்றிக் கொடுத்து அனுப்பிய ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கிடத்தி, ஒரு சாக்கால் மூடிக் கொண்டுவந்திருந்தார் தோட்டக்காரர். ஐம்பது வயது இருக்கும். வண்டியும் மாடும் பங்காளியுடையவை என்பதை இறங்கியதுமே சொன்னார். கேட்காமலே சொன்னதால் அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

சாக்கை எடுத்ததும் கருகிய வார்னிஷ் வாடை வந்தது. பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்தார். தோட்டக்காரர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கணக்குப் போட்டுச் செரின்னு சொன்னது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அஞ்சு குதிரைன்னு சொல்லிக் குடுத்தாங்க. எம்பட எருது ரெண்டும் எறைச்ச தண்ணியக்கூட இந்த அஞ்சு குதிரை எறைக்கலீங்க. எருதுக வைக்கப்புல்லு தின்னுச்சுங்க. இதுக பொகைய உட்டுப்போட்டுப் படுத்துக்கிச்சு."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மேஸ்திரியிடம் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. மோட்டார் வந்த தெம்பில் எருதுகளை விற்றுவிட்டார். எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் சாமான்களையும் பிரித்துவிட்டார். பருத்தி காய் பிடிக்கும் சமயம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. இன்னும் நான்கு நாளைக்குச் செடி தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசும் தமிழில் யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. கோபம் வந்தாலும் "ங்க" போட்டே வரும். அதனால் கோபத்தின் அளவு சட்டென்று தெரியாது. சோதனைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அந்த மோட்டாரின் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, உரக்கப் படித்தார். முதல் கட்டு 1.2. இரண்டாம் கட்டு 1.2. மூன்றாம் கட்டு 1.2.

பிறகு கம்பி சுற்றும் அக்காவைக் கூப்பிட்டார்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர். அவர்கள் தோட்டத்துக் கிணறு வற்றி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. வீட்டில் ஐந்து பேர் அவர் கையை நம்பி இருந்தார்கள். நல்ல கை. மர அச்சில் கம்பியை வரிசை பிசகாமல் படிய வைப்பார். மோட்டாரின் பள்ளங்களில் சுருளை இறக்கும்போது கம்பியின் நூலுறையில் ஒரு கீறல் விழாது.

மேஸ்திரி சொன்னதன் சாரம் இது: மூன்று கட்டும் சமம் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் சுற்றிய எண்ணிக்கையில் குறையில்லை. பள்ளத்தில் இறக்கும்போது உறை கிழிந்து கம்பியோடு கம்பி ஒட்டியிருக்க வேண்டும். அது கையின் குறை. ஒன்பதே நாளில் கருகிய மோட்டாருக்கு முதலாளியிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இந்த மோட்டாரை வேறு ஆள் சுற்றட்டும். அக்கா சனிக்கிழமையோடு நின்றுகொள்ளலாம்.

அக்கா சத்தம் போடவில்லை. "கை தப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க," என்று மட்டும் சொன்னார்.

"புஸ்தகத்துல எழுதியிருக்குதுங்களே," என்றார் மேஸ்திரி.

அக்கா என் பக்கம் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. படித்தவள் எழுதியதை என்ன செய்வது என்ற பார்வை.

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மோட்டார் அன்று பதினொன்றாவதாக என் மேசைக்கு வந்தது. முதல் கட்டு 4.8. இரண்டாம் கட்டு 4.8. மூன்றாம் கட்டில் முள் 5.3இல் நின்றது. கம்பி முனையில் வார்னிஷ் மிச்சம் இருந்தால் கவ்வி சரியாகப் பிடிக்காது, முள் கூடுதலாகக் காட்டும். அப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. செய்ய வேண்டியது இரண்டே வேலை: கத்தியால் முனையைச் சுரண்டுவது, மறுபடி கவ்வியை மாட்டிப் பார்ப்பது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கத்தி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் சுரண்டவில்லை. சுரண்டினால் 4.8 வரும் என்று நானே முடிவு செய்து, வந்ததாகவே எழுதிவிட்டு, அடுத்ததை ஏற்றச் சொன்னேன்.

அன்று அதைச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மேசைக்குக் கொண்டுவந்து வைத்தேன். தோட்டக்காரர் வண்டியை வேப்பமர நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மோட்டார் இல்லாமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாலை வீட்டுக்கு நடக்கும்போது கணக்கு தானாக ஓடியது. 5.3ஐ நான்கால் வகுத்தால் 1.325. 1.2ஐவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். கவ்வி சரியாகப் பிடிக்காத தவறு ஒரு நேரம் ஒரு மாதிரி வரும், இவ்வளவு சுத்தமாகப் பத்தில் ஒரு பங்காக வருமா? பெருக்கினால் 21.2 வாட். மற்ற இரண்டைவிட இரண்டு வாட் கூடுதல். என் பாட்டரியில் இரண்டு வாட் என்பது விரலுக்குக்கூடத் தெரியாது. கிணற்று மேட்டில், நானூறு வோல்ட்டில், பொழுதுக்கும் ஓடும்போது மூன்று கட்டும் ஒன்றுக்கொன்று இழுத்துக்கொண்டு சூடேறும். கம்பி பத்தில் ஒரு பங்கு நீளம் கூடியிருந்தால் தடையும் அதே அளவு கூடும். அப்படியானால் சுற்று எண்ணிக்கையில் பிசகு. கையில் இல்லை.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன், அக்காவிடம் போனேன். மூன்றாவது கட்டு பள்ளத்தில் இறுக்கமாக இறங்கியதா என்று கேட்டேன்.

"இறுக்கந்தான் கண்ணு. மரச்சுத்தியல்ல மெள்ளத் தட்டித் தட்டித்தான் எறக்குனேன். கம்பி சித்தெ தடிசா வந்திருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்தக் கட்டைச் சுற்றும்போது யார் எண்ணினார்கள் என்று கேட்டேன். அவர் கம்பிச் சுருளைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இது: ஒருவர் கைப்பிடியைச் சுழற்றிக் கம்பியை அச்சில் படிய வைப்பார். பக்கத்தில் இருப்பவர் சுற்றுகளை எண்ணுவார். பத்து ஆனதும் ஒரு புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போடுவார். நான்கு கொட்டை விழுந்தால் நாற்பது சுற்று, ஒரு சுருள் முடிந்தது. கடைசல் யந்திரத்தின் பட்டை ஓடும் இரைச்சலில் எண்ணும் குரல் கேட்காது. கொட்டை விழும் ஓசைதான் கணக்கு. வழக்கமாக எண்ணுகிறவள் முதல் இரண்டு கட்டும் முடிந்த மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் திரும்பும்வரை, அந்த மூன்றாவது கட்டுக்கு மட்டும் எண்ணியது அக்காவின் தம்பி மனைவி. தாராபுரத்துப் பக்கம் ஒரு கடலை மண்டியில் அளந்து போடும் வேலை பார்த்தவள், இங்கே வந்து அப்போது ஐந்து நாள். மேஸ்திரியிடம் அக்காவே சிபாரிசு செய்து சேர்த்திருந்தார்.

"அவளச் சொல்லிப்போடாதீங்க அம்மணி," என்றார் அக்கா. "நான் போறது போறேன். அவளுமு போனா ஊட்டுல ஒல வெக்கறதுக்கு ஆளில்ல."

மேஸ்திரி வந்ததும், கருகிய மோட்டாரிலிருந்து மூன்றாவது கட்டின் ஒரு சுருளை வெட்டி எடுத்து எண்ண வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். எண்ணினால் தெரியும் என்றேன். கருகிய கம்பியை எப்படியும் எடுத்தாக வேண்டும் என்பதால் ஒப்புக்கொண்டார். தோட்டக்காரரும் வந்து நின்றார். ஒரு பக்கம் வெட்டிய சுருளின் முனைகள் துடைப்பக் குச்சிகள்போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினேன். நாற்பத்து நான்கு. மேஸ்திரி தானே ஒரு முறை எண்ணினார். நாற்பத்து நான்கு. முதல் கட்டிலிருந்து ஒரு சுருளை வெட்டச் சொன்னார். அதில் நாற்பது.

"பத்துக்கு ஒண்ணு," என்றார் மேஸ்திரி. "யாரு எண்ணுனது?"

தம்பி மனைவி தானாகவே முன்னால் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், நிமிர்ந்து நின்றாள். எண்ணிக் காட்டச் சொன்னார்கள். கையில் புளியங்கொட்டையோடு, அச்சில் கம்பி ஓடுவதுபோல் விரலைச் சுழற்றி, அவள் எண்ணினாள். லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தொடங்கிப் பத்து வரை. கொட்டையைப் போட்டாள். மறுபடி லாபம், ஒண்ணு, ரெண்டு.

தோட்டக்காரர்தான் முதலில் பேசினார். களத்தில் தானியம் அளக்கும்போது எல்லாரும் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் சொல்வோம், ஆனால் அதுவே ஒன்று, அடுத்தது ரெண்டு என்றார். அவள் மறுத்தாள். அவள் வேலை பார்த்த மண்டியில் லாபம் என்று அளந்த வள்ளம் கணக்கில் சேராது. அது சாமிக்கு என்பார்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு வள்ளம் அப்படிப் போகும்.

"எந்தச் சாமீங்க? மண்டிக்காரச் சாமிங்களா?" என்றார் தோட்டக்காரர். "நானும் அந்தச் சாமிக்கு அளந்திருக்கறேன் கண்ணு. இப்பத்தான் தெரியுது."

இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். கை குறையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் அடுத்த கணக்கு ஓடுவதைப் பார்த்தேன்: சேர்த்துவிட்டது இவர், எண்ணியது அவள், ஆகவே இரண்டு பேரும். என் மேசையிலிருந்து எடுத்த புத்தகம் அவர் கையில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் மறுபடி திறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திறந்துவிட்டால் அவரே கேட்பார், அப்போது அது நான் சொன்னதாக இருக்காது.

"எண்ணிக்கை தப்புனா அதப் புடிக்கத்தானுங்க என்னைய வெச்சிருக்கறீங்க," என்றேன். "மூணாவது கட்டுக்கு முள்ளு அஞ்சு மூணுல நின்னுச்சு. நாந்தான் நாலு எட்டுன்னு எழுதிப்போட்டேன்."

மேஸ்திரி அந்தப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"முள்ளு பொய் சொல்லுதுன்னு நெனச்சீங்களா?"

"கவ்வி செரியாப் புடிக்கலைன்னு நெனச்சேனுங்க."

"நெனச்சா, சொரண்டிப்போட்டு மறுக்காப் பாக்கறது."

"அன்னைக்குப் பதினொண்ணாவது மோட்டாருங்க அது."

அவர் தோட்டக்காரரைக் காட்டினார். "அவருக்கு ஒண்ணுதானுங்களே அம்மணி."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் வேலையைப் பற்றித்தான். அக்காவே இந்த மோட்டாரை மறுபடி சுற்றட்டும், இன்றே தொடங்கட்டும். தம்பி மனைவி எண்ணலாம், ஆனால் ஒன்றிலிருந்து. லாபத்தை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். சனிக்கிழமை பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இப்படி நினைத்து எழுதியது இன்னும் எத்தனை மோட்டார்?

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் சொன்னேன். புத்தகத்தில் கடந்த ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டினேன். 1.2, 1.2, 1.2. 1.2, 1.2, 1.2. எது முள் சொன்னது, எது நான் சொன்னது என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே தெளிவாக இருந்தது.

பட்டறையில் இன்னும் அனுப்பாமல் கிடந்த மோட்டார்கள் ஒன்பது. அவற்றை மறுபடி சோதிக்கச் சொன்னார். வார்னிஷைச் சுரண்டி, கவ்வியை மாட்டி, நான்கு ஆம்பியரில் நிறுத்தி, முள்ளைப் பார்த்து, எழுதி, வகுத்து, பெருக்கி, இருபத்தேழு முறை. இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றில் ஒரு கட்டு 5.0 காட்டியது. சுரண்டினேன். 4.8 ஆயிற்று. மற்ற எட்டும் சரியாக இருந்தன. ஏற்கெனவே கிணறுகளுக்குப் போய்விட்டவற்றைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏதாவது கருகிய மோட்டார் வண்டியில் வந்து இறங்கினால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் புத்தகத்தில் பக்கம் தேடுகிறேன்.

தோட்டக்காரரின் மோட்டார் மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் தயாரானது. அக்கா அதைத் தூக்குகிறவர்களோடு கூடவே என் மேசைக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முள்ளக் காட்டுங்க கண்ணு," என்றார்.

மீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் கட்டு. முள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் கட்டு. மூன்றாம் கட்டுக்கு முன் கத்தியை எடுத்து நீட்டினார். முனையைச் சுரண்டி, கவ்வியை மாட்டினேன். முள் அதே இடத்தில் நின்றது. தலையை அசைத்துவிட்டுப் போனார். தோட்டக்காரர் மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது நான்காவது நாளுக்கு இன்னும் ஒரு பொழுது இருக்கிறது என்றார். பருத்தியில் பாதி பிழைத்ததாகப் பின்னால் மேஸ்திரி மூலம் கேள்விப்பட்டேன். மீதிப் பாதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அன்றிலிருந்து அக்கா சுற்றும் ஒவ்வொரு மோட்டாருக்கும் கூடவே வருகிறார். இங்கிலீஷ் எண்கள் அவருக்குத் தெரியாது, வகுக்கவும் தெரியாது. அவருக்கு வேண்டியது முள் மூன்று முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது மட்டும். வேலை நெருக்கும் நாளில் அவர் அப்படி நிற்பது எனக்கு அலுப்பாக இருக்கும். பின்னால் மோட்டார்கள் வரிசையில் கிடக்கும், கூரைத் தகரம் அனலாகக் காயும், கூஜா காலியாக இருக்கும். ஒரு நாள் அவரிடம், இனி நான் தப்பாக எழுத மாட்டேன் அக்கா, போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

"செரீங்க கண்ணு," என்றார். நகரவில்லை. மீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.